கலகமா, கிளர்ச்சியா, எழுச்சியா, புரட்சியா, போரா? கூடலூர்ப் பக்கத்து வரலாற்றுக்கு எந்தச் சொல்

நீலகிரி மாவட்டத்தின் கூடலூர், பந்தலூர் வட்டாரத்தில் பள்ளிக் கண்காட்சிக்குப் பலகை எழுதுகிறவர்களும், ஊர் வரலாற்றைச் சிறு புத்தகமாகப் போட நினைக்கிறவர்களும் ஒரே கேள்வியோடு வருகிறார்கள். வட மலபாரின் கோட்டயம் நாட்டைச் சேர்ந்த பழசி ராஜா கிழக்கிந்தியக் கம்பெனியை எதிர்த்துக் காட்டுக்குள் நின்றதை எழுத வேண்டும். 1812ல் வயநாட்டுப் பழங்குடிகளான குறிச்சியர்களும் குறும்பர்களும் வில்லெடுத்ததை எழுத வேண்டும். நடந்த கதை தெரியும், தலைப்பில்தான் கை நின்றுவிடுகிறது. ஒருவர் 'கலகம்' என்று எழுதுகிறார். அடுத்தவர் அதை அடித்துவிட்டு 'புரட்சி' என்கிறார். மலையாள வழியில் படித்தவர் 'கலாபம்' என்கிறார். மைசூர்ப் பக்கம் படித்தவர் 'பண்டாய' என்றால் என்ன கெட்டுப்போய்விட்டது என்று கேட்கிறார்.

இந்தக் குழப்பம் மற்ற ஊர்களைவிட இங்கே ஏன் அதிகம் என்பதற்குக் காரணம் உண்டு. நம்பாலக்கோடு, சேரங்கோடு, முனநாடு ஆகிய அம்சங்கள் (அந்தக் கால வருவாய்ப் பிரிவுகள்) 1877ல்தான் வயநாட்டிலிருந்து பிரிந்து நீலகிரியோடு சேர்ந்தன. ஆகவே வயநாட்டின் பழைய கதை நம் கதையும்தான். நாடுகாணி வழியாக ஏறி வந்த மலப்புரத்துக் குடும்பங்கள், 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பியவர்கள், குண்டல்பேட்டைப் பக்கத்துக் கன்னடக்காரர்கள், இவர்கள் எல்லாருக்கும் முன்பே காட்டில் இருந்த பணியர், குறும்பர், காட்டுநாயக்கர் என்று ஒரே கடைவீதியில் பல மொழிகள் நடமாடுகின்றன. ஒரு மொழியில் மரியாதையான சொல் பக்கத்து மொழியில் வசையாக விழுகிறது.

சரி, முதலில் எதை வைத்து எடை போடுவது என்று பார்ப்போம். அப்புறம் ஒவ்வொரு சொல்லாக.

## எதை வைத்து முடிவு செய்வது

யார் வாயில் பிறந்த சொல்? இதுதான் என் முதல் அளவுகோல். மற்ற எல்லாம் இதற்குப் பிறகுதான்.

ஆங்கிலத்தில் ரெபெல் என்ற சொல்லின் லத்தீன் வேர் 'மறுபடியும் போர் செய்வது'. ரோமானியர்களிடம் தோற்று அடங்கிய மக்கள் திரும்பவும் ஆயுதம் எடுத்தால் அதற்கு அந்தப் பெயர். அதாவது, அந்தச் சொல்லைச் சொன்னவுடனேயே 'நீ ஏற்கெனவே என் ஆள்' என்ற வாதமும் சேர்ந்து வந்துவிடுகிறது. பழசி ராஜா விஷயத்தில் இந்த வாதமே சண்டையின் மையம். திப்புவுக்கு எதிராக அவர் முதலில் கம்பெனியோடு நின்றவர். கோட்டயம் நாட்டில் (இன்றைய கோட்டயம் நகரம் அல்ல) வரி வசூலிக்கும் உரிமையை அவரிடம் தராமல் குறும்பரநாட்டு ராஜாவிடம் கம்பெனி கொடுத்தபோது 1793ல் முதல் மோதல் தொடங்கியது. 1797ல் சமாதானம் ஆனது. 1799ல் திப்பு வீழ்ந்த பிறகு வயநாடும் தனக்குத்தான் என்று கம்பெனி சொன்னது. பழசி அதை ஒத்துக்கொள்ளவே இல்லை. ஒத்துக்கொள்ளாத ஒருவரைக் கம்பெனிக் கடிதங்கள் ரெபெல் என்றன, தலைக்கு விலையும் வைத்தன. நாம் அந்தச் சொல்லை நேராகத் தமிழாக்கிப் பலகையில் எழுதினால், கம்பெனியின் வழக்கில் கம்பெனி பக்கம் சாட்சி சொல்கிறோம்.

இலங்கையிலிருந்து திரும்பியவர்களுக்கு இது புதிதல்ல. 1818ல் ஊவா, வெல்லஸ்ஸ பகுதிகளில் வெள்ளையரை எதிர்த்து எழுந்தவர்களை ஆளுநர் அறிவிப்பு துரோகிகள் என்றது. அந்தப் பட்டத்தை இலங்கை அரசு முறைப்படி நீக்கியது 2016ல். எழுத்தில் ஏறிவிட்ட சொல்லை இறக்க இத்தனை காலம் ஆகிறது. அதனால்தான் பள்ளிப் பலகைதானே என்று விட்டுவிட எனக்கு மனம் வருவதில்லை.

எவ்வளவு பெரிது, எவ்வளவு நாள்? ஒரு பாளையத்துக்குள் ஒரு நாள் நடந்ததற்கும், வருடக்கணக்கில் காட்டிலும் மலையிலும் நடந்ததற்கும் ஒரே சொல் பொருந்தாது.

என்ன கேட்டார்கள்? பழைய உரிமையைத் திருப்பிக் கேட்டார்களா, புதிய ஒழுங்கைக் கொண்டுவரப் பார்த்தார்களா, ஒரு வரியை எதிர்த்தார்களா?

ஆளுக்குப் பெயர் கிடைக்குமா? நிகழ்ச்சிக்கு நல்ல சொல்லாக இருக்கும், அதில் நின்றவரைச் சொல்லப் பெயர் வராது. வாக்கியம் எழுதும்போதுதான் இது இடிக்கும்.

இன்று அதன்மேல் என்ன ஒட்டியிருக்கிறது? மேடையிலும் சுவரொட்டியிலும் தேய்ந்த சொல் நூறு வருடத்துக்கு முந்தைய நிகழ்ச்சியையும் இன்றைய கட்சி நிறத்தில் காட்டும்.

## கலகம்

பாடப்புத்தகம் வழியாக நமக்குப் பழகியது 1857ன் 'சிப்பாய்க் கலகம்'. அதனால் கை தானாக இதைத்தான் எழுதும்.

தமிழில் கலகம் முழுக்கக் கெட்ட சொல் அல்ல. 'கலகம் பிறந்தால் நியாயம் பிறக்கும்' என்கிறோம். நாரதர் கலகம் நன்மையில் முடியும் என்கிறோம். இலக்கியச் சிற்றிதழ்க்காரர்கள் 'கலகக்குரல்' என்பதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறார்கள். ஆனாலும் இந்தப் பழமொழிகளைக் கவனித்தால், கலகம் என்பது ஒரு வீட்டுக்குள், ஒரு ஊருக்குள் நடக்கும் சச்சரவு. இருக்கிற ஒழுங்கு ஒன்று, அதைக் குலைப்பவர் ஒருவர். கம்பெனியின் ஆட்சியை வீடாகவும் பழசியை அதில் சண்டை கிளப்பியவராகவும் அது மாற்றிவிடுகிறது. மறைந்திருக்கும் செலவு இதுதான். 'கலகக்காரர்' என்று ஆளைச் சொல்லும்போது இன்னும் கடுமையாக விழும். பழங்குடிக் குழந்தை தன் முன்னோரைப் பற்றி அந்தச் சொல்லைப் பள்ளிச் சுவரில் படிக்கக் கூடாது.

எங்கே சரி? கம்பெனி என்ன சொன்னது என்பதை மேற்கோளாகக் காட்டும்போது. படைக்குள் கட்டளையை மீறியதை மட்டும் சொல்லும்போதும் பொருந்தும். 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் நடந்ததைப் படையின் கண்ணோட்டத்தில் எழுதினால் கலகம் என்பதில் தவறில்லை. தலைப்பாகை, நெற்றிக்குறி, தாடி பற்றிய உத்தரவுகளையும், கோட்டைக்குள் திப்புவின் குடும்பம் இருந்ததையும் சேர்த்து எழுதத் தொடங்கியவுடன் அந்தச் சொல் போதாமல் போகும்.

## கிளர்ச்சி

கிளர்தல் என்றால் மேலெழுவது, பொங்குவது. அரபியில் புரட்சிக்கு வழங்கும் 'ஸவ்ரா' என்ற சொல்லின் வேரும் கிளம்புவது, கிளறப்படுவது என்பதுதான். இரண்டு மொழியும் தனித்தனியே ஒரே படத்தைப் பிடித்திருக்கின்றன.

இந்தச் சொல்லின் பலம் அதன் நிதானம். எதிர்த்தவர் நல்லவரா கெட்டவரா என்று அது முன்கூட்டியே தீர்ப்புச் சொல்வதில்லை. கிளர்ச்சியாளர், கிளர்ச்சி செய்தனர், கிளர்ந்தெழுந்தனர் என்று ஆளும் வினையும் இயல்பாகக் கிடைக்கின்றன. மியான்மர், சிரியா செய்திகளில் பத்திரிகைகள் இதைத்தான் எடுக்கின்றன.

குறை இரண்டு. பெரிய சண்டையையும் சிறிய மறியலையும் ஒன்றாகக் காட்டும். திராவிட இயக்க மேடைகளில் கிளர்ச்சி என்றாலே ஆயுதமில்லாத போராட்டம், ஆகவே வயதானவர்கள் ஊர்வலத்தைத்தான் நினைப்பார்கள். இன்னொன்று, மாணவர்களுக்கு இந்தச் சொல் உணர்ச்சிப் பெருக்கு என்ற பொருளிலும் பழகியிருக்கிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுதினால் 'ஆயுதக் கிளர்ச்சி' என்று ஒரு அடைமொழி சேர்த்துவிடுங்கள், தீர்ந்தது.

முடிவு செய்ய முடியாத இடத்தில் இதை எடுங்கள் என்பதே நான் கேட்கிறவர்களுக்குச் சொல்வது.

## எழுச்சி

எழுந்து நிற்பது. உலகத்தில் பல மொழிகள் இந்தப் படத்தைத்தான் தேர்ந்திருக்கின்றன. ஜெர்மானியரின் 'அவுஃப்ஷ்டாண்ட்' எழுந்து நிற்றல். 1916ல் டப்ளினில் நடந்ததை பிரிட்டிஷார் ரெபெல்லியன் என்றார்கள், ஐரிஷ் மொழியில் அதன் பெயர் எழுதல் என்ற பொருள் தரும் 'ஏரி அமாஹ்'. ஒரே நிகழ்ச்சிக்கு மேலிருந்து ஒரு பெயர், கீழிருந்து ஒரு பெயர்.

கீழிருந்து பார்க்கும் பார்வை இந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. அடக்கி வைக்கப்பட்டவர் எழுகிறார், அதில் குற்றம் எதுவும் தொனிக்கவில்லை. 1812க்கு இது அச்சாகப் பொருந்துகிறது என்பது என் உறுதியான எண்ணம். கம்பெனி வரியைப் பணமாகக் கேட்டது. காட்டையும் மலைச் சாகுபடியையும் நம்பி வாழ்ந்த குறிச்சியரும் குறும்பரும் பணத்துக்கு எங்கே போவார்கள்? பழசியின் காலம் முடிந்து ஏழு வருடம் ஆகியிருந்தது, படை திரட்ட ராஜா யாரும் இல்லை. தாங்களாகவே எழுந்தார்கள். சில மாதங்களுக்குள் கம்பெனி அதை அடக்கிவிட்டது. ராஜா இல்லாத நிகழ்ச்சிக்குப் போர் என்ற பெயரை யாரும் தரமாட்டார்கள் என்பதாலேயே அது வரலாற்றில் சின்னதாகிப் போயிருக்கிறது. எழுச்சி என்ற சொல் அந்த மக்களை முன்னால் நிறுத்துகிறது.

ஆனால் எழுச்சியாளர் என்று யாரும் சொல்வதில்லை, ஆகவே வாக்கியத்துக்குள் 'எழுச்சியில் நின்றவர்கள்', 'வில்லெடுத்தவர்கள்' என்று விரித்துத்தான் எழுத வேண்டும். ஊரே சேர்ந்து எழுந்தது போன்ற தோற்றத்தையும் இச்சொல் தரும். உண்மையில் சிலர் ஒதுங்கியிருப்பார்கள், சிலர் மறுபக்கம் நின்றிருப்பார்கள். கட்சி மாநாட்டுச் சுவரொட்டிகளில் இது மலிந்துபோனதும் ஒரு சங்கடம்.

## புரட்சி

புரள்வது, புரட்டுவது. லத்தீன் வழிவந்த ரெவல்யூஷனும் சுழன்று திரும்புவது, அரபி வழிவந்த இன்குலாபும் தலைகீழாவது. மூன்றும் சொல்வது ஒன்றுதான்: மேலே இருந்தது கீழே வர வேண்டும்.

1789ல் பிரான்சிலும் 1917ல் ருஷ்யாவிலும் நடந்ததற்கு வேறு சொல் தேட வேண்டியதில்லை. பழசிக்கு? அவர் கேட்டது தன் குலத்துக்கு வழிவழியாக இருந்த உரிமையை. அவரைப் புரட்சியாளர் என்றால், அவர் கேட்காத ஒன்றை அவர்மேல் ஏற்றுகிறோம். பெருமைப்படுத்தத்தான் அந்தச் சொல்லை எழுதுகிறார்கள் என்று புரிகிறது. ஆனால் பெருமைக்காக எழுதும் சொல்லும் உண்மையோடு ஒட்ட வேண்டும். தலைவர்களின் பட்டப்பெயரிலும், பசுமைப் புரட்சி, வெண்மைப் புரட்சி என்று திட்டங்களின் பெயரிலும் இச்சொல் இவ்வளவு புழங்கிவிட்ட பிறகு, பலகையில் எழுதினால் அது தரும் கனமும் குறைவு.

## போர்

கம்பெனியின் பார்வையிலிருந்து முழுக்க விலகும் சொல் இது. போர் என்றால் இரண்டு பக்கம், இரண்டுக்கும் உரிமை. பழசியின் எதிர்ப்பு இந்தக் கணக்கில் தேறுகிறது. 1793 முதல் 1797 வரை ஒரு கட்டம், நடுவில் சமாதானம், 1800 முதல் 1805 நவம்பர் 30 அன்று புல்பள்ளிக்கு அருகே அவர் இறக்கும்வரை இன்னொரு கட்டம். அடங்காத குடிகளோடு யாரும் அப்படிச் சமாதானம் பேசுவதில்லை.

விலை வேறு இடத்தில் கொடுக்க வேண்டியிருக்கிறது. போர் என்று எழுதியவுடன் ராஜா பெரிதாகிறார், மற்றவர்கள் அவருடைய படைவீரர்களாகச் சுருங்குகிறார்கள். 1802 அக்டோபரில் பனமரம் கோட்டையைத் தாக்கிக் கம்பெனிப் படையை வீழ்த்தியவர்கள் எடச்சேன குங்கனும் தலக்கல் சந்துவும், அவர்களோடு வந்த குறிச்சிய வில்லாளிகளும். தலைப்பில் போர் என்று போட்டால், உள்ளே இந்தப் பெயர்களையும் பழசியின் பெயர் அளவுக்கே பெரிய எழுத்தில் போடுங்கள்.

இதையே நீட்டி 'முதல் சுதந்திரப் போர்' என்று எழுதச் சொல்கிறவர்கள் உண்டு. 'முதல்' வேண்டாம். சிவகங்கை 1801ஐச் சொல்லும், வேலூர் 1806ஐச் சொல்லும், வடக்கே 1857ஐச் சொல்வார்கள். பலகையைப் பார்க்க வருகிறவர் நிகழ்ச்சியை விட்டுவிட்டு வரிசையைப் பற்றிச் சண்டை போடுவார்.

## பக்கத்து மொழியிலிருந்து எடுக்கலாமா

நம் கடைவீதியில் காதில் விழும் சொற்களை அப்படியே தமிழில் எழுதினால் என்ன ஆகும் என்று ஒரு அட்டவணை:

| சொல் | அந்த மொழியில் | தமிழ் வாசகருக்கு |
|---|---|---|
| லஹள (மலையாளம்) | அமளி, கலகம்; 1857க்கும் 1921க்கும் வழங்கியது | ரகளை என்று கேட்கும் |
| கலாபம் (மலையாளம்) | கலவரம், ஆயுதக் கிளர்ச்சி | மயில்தோகை |
| சமரம் (மலையாளம்) | போராட்டம், வேலைநிறுத்தம் | சமரசம் என்று நேரெதிராகப் படிப்பார்கள் |
| விப்லவம் (மலையாளம், தெலுங்கு) | புரட்சி | புரியாது |
| தங்கெ (கன்னடம்) | கலகம், கலவரம் | புரியாது |
| பண்டாய (கன்னடம்) | எதிர்த்தெழுதல். ஓர் இலக்கிய இயக்கத்தின் பெயரும் | புரியாது, ஆனால் விளக்கத்தோடு எழுதலாம் |
| திருகுபாடு (தெலுங்கு) | எதிர்த்துத் திரும்புதல் | ஓரளவு ஊகிக்கலாம் |
| வித்ரோஹ் (இந்தி) | கிளர்ச்சி, மதிப்பான சொல் | துரோகம் |
| கெரல்ல (சிங்களம்) | கிளர்ச்சி. 1818, 1848, 1971க்கு வழங்குவது | திரும்பி வந்தவர்களுக்கு மட்டும் தெரியும் |

இந்தி வரிசையில் கவனம் வேண்டும். வித்ரோஹ், துரோகம் இரண்டும் ஒரே சமஸ்கிருத வேரில் பிறந்தவை. அங்கே வித்ரோஹி என்பவர் எதிர்த்து நின்ற வீரர். இங்கே துரோகி என்பவர் காட்டிக்கொடுத்தவர். இந்தியிலிருந்து மொழிபெயர்க்கிற பிள்ளைகள் ஒலியை நம்பி எழுதினால் பழசியே காட்டிக்கொடுத்தவராகிவிடுவார். உருது வழியாக வந்த, கிளர்ச்சியைக் குறிக்கும் 'கதர்' (கதர்த் துணி அல்ல) என்ற சொல்லுக்கும் அரபி மூலத்தில் நம்பிக்கைத் துரோகம் என்றுதான் பொருள். 1913ல் அமெரிக்காவில் கூடிய பஞ்சாபிகள் அந்த வசையையே எடுத்துத் தங்கள் கட்சிக்குப் பெயராக வைத்தார்கள். அது அவர்களாகத் தங்களுக்கு வைத்துக்கொண்டது, அதே வசையை நாம் இன்னொருவருக்கு வைக்க முடியாது.

மலையாள வரிசையில் 1921 இருக்கிறது, மலபாரில் மாப்பிள்ளை முஸ்லிம்கள் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து ஆயுதம் எடுத்த வருடம். அந்த ஒரு வருடத்து நிகழ்ச்சிகளுக்கு லஹள, கலாபம், சமரம், விப்லவம் என்று நான்கு பெயரும் வழங்குகின்றன, எந்தப் பெயரைச் சொல்கிறார் என்பதிலேயே சொல்கிறவர் நிற்கும் இடம் தெரிந்துவிடும். கம்பெனியின் வாரிசு அரசை எதிர்த்தவர்களின் பேரன்மாரும், அந்த நாட்களில் வீட்டை இழந்து ஓடியவர்களின் பேரன்மாரும் கூடலூரில் ஒரே தெருவில் இருக்கிறார்கள். இங்கே 'யார் வாயில் பிறந்த சொல்' என்ற அளவுகோல் மட்டும் போதாது. அடிபட்டவர்கள் ஆட்சியாளர் பக்கம் மட்டும் இல்லை. தமிழில் எழுதும்போது 'மலபார் 1921' என்று ஊரையும் ஆண்டையும் தலைப்பாக வைத்து, என்ன நடந்தது என்பதை உடலில் எழுதுவதுதான் நேர்மை.

## அவர்களே வைத்த பெயர் இருந்தால்

இதுவரை சொன்ன ஐந்து சொல்லையும் தள்ளி வைக்கத் தகுந்த ஒரு தேர்வு உண்டு. 1855ல் சந்தால் மக்கள் எழுந்ததை அவர்கள் மொழியில் 'ஹூல்' என்கிறார்கள். பிர்சா முண்டாவின் காலத்தில், 1899லும் 1900லும் நடந்ததை முண்டாக்கள் 'உல்குலான்' என்கிறார்கள், பெரும் கொந்தளிப்பு என்று பொருள். இன்று இந்தியில் எழுதுகிறவர்களும் ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களும் அந்தச் சொற்களையே எழுதுகிறார்கள்.

ஆகவே பலகையை அச்சுக்குக் கொடுக்கும் முன் குறும்பரில் ஒரு பிரிவான முள்ளுக்குறும்பர் குடியிருப்புகளுக்குப் போய்ப் பெரியவர்களிடம் கேளுங்கள்: அந்தச் சண்டையை வீட்டில் எப்படிச் சொல்வீர்கள்? பாட்டில் வருகிறதா? கிடைக்கும் சொல்லை அவர்கள் உச்சரிப்பிலேயே முதலில் எழுதி, கீழே தமிழ் விளக்கம் போடுங்கள். இதற்கு நாளாகும், போக வர ஜீப் செலவும் ஆகும். பள்ளி ஆண்டுவிழா நெருங்கிவிட்டது என்றால் தற்காலிகமாக எழுச்சி என்று எழுதிவிட்டு, அடுத்த வருடம் மாற்ற இடம் விட்டு வையுங்கள்.

## ஆளைச் சொல்லும்போது

நிகழ்ச்சியின் பெயரைவிட இதில்தான் அதிகக் காயம் படுகிறது. கிளர்ச்சியாளர் நிதானமானது. போராளி மரியாதையானது, ஆனால் இலங்கைத் தமிழ் வாசகர்களுக்கு அதற்கு ஒரு குறிப்பிட்ட காலமும் முகமும் உண்டு, 1805ஐப் பற்றிய பலகையில் அது வேறு நினைவைக் கொண்டுவரும். 1971ல் இலங்கையில் இருந்துவிட்டு வந்தவர்களைக் கேட்டால், அப்போது எழுந்த சிங்கள இளைஞர்களைச் 'சேகுவேராக்காரர்கள்' என்பார்கள். ஊர் வைக்கும் பெயர் இப்படித்தான் இருக்கும், அது கிடைத்தால் மேற்கோள் குறிக்குள் கட்டாயம் எழுதி வையுங்கள்.

தீவிரவாதி, பயங்கரவாதி இரண்டும் பழைய வரலாற்றுக்கு வேண்டவே வேண்டாம். இன்றைய செய்திக்கும், வழக்கு முடியும்வரை, அமைப்பின் பெயரையும் நடந்த செயலையும் எழுதினாலே வாசகருக்குப் போதும். மூன்று மாநில எல்லையில் இருக்கும் நமக்கு இது தூரத்து விஷயம் அல்ல. சோதனைச்சாவடியில் தேடப்படுகிறவர்களின் படம் ஒட்டியிருக்கும் ஊர் இது.

பழசிக்கும் 1812க்கும் என்ன எழுதுவது என்று நேராகக் கேட்கிறவர்களுக்கு: முதலாவதற்கு 'பழசியின் போர், 1793–1805'. இரண்டாவதற்கு 'குறிச்சியர், குறும்பர் எழுச்சி, 1812'. அதன் கீழே மலையாளத்திலும் எழுதுவதாக இருந்தால் தமிழ்த் தலைப்பை மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள். இரண்டு மொழியும் தெரிந்த ஒருவரிடம் நிகழ்ச்சியைச் சொல்லி, அவர் மொழியில் அதற்குத் தகுந்த தலைப்பைத் தனியாக எழுதச் சொல்லுங்கள். எழுதி வந்ததை ஒரு மலையாள வீட்டிலும் ஒரு குறும்பர் வீட்டிலும் வாசித்துக் காட்டிவிட்டு அச்சுக்குக் கொடுங்கள்.